கிணற்று நீரும் உயிர்க்கரியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிறந்து வளர்ந்த நமக்கு ஆறு என்பது பூமிசாத்திர வகுப்பிலே படத்தில் வரைந்து பழகிய பொருளேயன்றிக் கண்டு பழகிய பொருளன்று. வழுக்கையாறு என ஒன்று நம்மிடையே உண்டெனினும் அது மாரியில் ஓடிக் கோடையில் மறைந்துவிடும் இயல்பினது. நாம் குடித்ததும் குளித்ததும் தோட்டத்துக்கு இறைத்ததும் கிணற்று நீரே. கல்லூரி விடுதியில் வாழ்ந்த நாட்களில், விடியுமுன் எழுந்து கிணற்றடியிலே வாளிக்கு முறைகாத்து நின்றதை எமது காலத்துப் பழைய மாணவர் எவரும் மறந்திரார். அந்நீரின் சுவையைப் புகழ்ந்தோமேயன்றி, அதனுட் கரைந்திருப்பது யாது என்று அன்று நாம் வினாவியதில்லை.

அண்மையில் எம்முடன் படித்த அன்பர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். வெளிநாட்டிலிருந்து மகளும் கைக்குழந்தையும் ஊருக்கு வரவிருக்கின்றனர். வீட்டுக் கிணற்று நீரைச் சோதித்ததில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதாக அறிக்கை வந்துள்ளது. சிரட்டைக்கரி நிரப்பிய வடிகட்டி ஒன்றைக் குழாயிற் பொருத்திவிட்டால், குழந்தைக்குப் பால்மாக் கரைக்க அந்நீர் உதவுமன்றோ என்று கேட்டார். கரி நஞ்சையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று அவர் எங்கோ கேள்வியுற்றிருந்தார். உதவாது என்று நாம் கூறிய விடை அவருக்கு உவப்பாயிருக்கவில்லை. "அப்படியானால் உயிர்க்கரி, உயிர்க்கரி என்று எல்லாரும் கொண்டாடுவது எதற்காக?" என்று சற்றுச் சினத்துடனேயே வினவினார். வினா நியாயமானதே. அன்று திண்ணையிலிருந்து அவருக்குச் சொல்லியவற்றை ஓரளவு ஒழுங்குபடுத்தி இம்மலரில் எழுதுகின்றோம்.

குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். கறையான் அரித்த மரம்போல வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்தது அது. பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழை, செம்பாட்டு மண்ணினூடே இறங்கி இவ்வெடிப்புகளிலே தேங்குகின்றது. தேங்கிய நன்னீர், தன்னிலும் பாரமான உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனாலேயே. இராமபிரானின் அம்பு துளைத்த கிணறு அது என்னும் கர்ணபரம்பரைக் கதையை நம்புவோரும் இவ்வுண்மையை மறுக்கவேண்டியதில்லை. மணற்பாங்கான நிலத்தில் நீர் மெல்ல ஊறி வடிந்து ஓரளவு தூய்மை பெறும். சுண்ணக்கல் வெடிப்பிலோ அது வழுக்கி ஓடுமேயன்றி வடிகட்டப்படுவதில்லை. மேலே இட்டது கீழே வரும்.

மேலே இடுவன யாவை? நம் பாட்டன்மார் காலத்தில் புகையிலைத் தோட்டத்துக்கு இட்டது பூவரசங்குழையும் பனையோலையும் மாட்டெருவுமாகும். அவை மண்ணிலே மெல்ல உக்கிப் பயிர் கேட்குமளவுக்கே நைதரசனைக் கொடுத்தன. துலாவும் சூத்திரமும் போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின், வெங்காயமும் மிளகாயும் ஆண்டு முழுவதும் விளைவதாயின. கூடவே யூரியாவும் வந்தது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். மண்ணில் வீழ்ந்ததும் அது அமோனியமாகி, பின் மண்ணிலுள்ள பற்றீரியாக்களால் நைத்திரேற்றாக மாறுகின்றது. பயிர் உண்டது போக எஞ்சிய நைத்திரேற்று முதல் அடைமழையோடு கிணற்றை நோக்கிப் புறப்படுகின்றது.

இதன் பருமனை உணர ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 கிலோகிராம் யூரியாவில் உள்ள நைதரசன் 4.6 கிலோகிராம். அதிற் பாதி பயிருக்கு உதவாது நீருடன் இறங்கியதென வைத்துக்கொண்டால், அது 10 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட நைத்திரேற்றாகும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. ஆகவே அந்த 10 கிலோ யூரியாவின் வீணான பாதி, இரண்டு இலட்சம் இலீற்றர் தூய நீரை அவ்வெல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்த வல்லது. ஒரு தோட்டக்காரர் ஒரு போகத்தில் எத்தனை கிலோ இடுகின்றார் என்பதை அவரிடமே கேட்டு, வாசகர் மிகுதியைத் தாமே பெருக்கிக்கொள்க.

தோட்டத்தை மாத்திரம் குறைகூறுதல் நேர்மையாகாது. ஒரு மனிதன் ஆண்டொன்றில் சிறுநீர் வழியே மாத்திரம் ஏறக்குறைய 4 கிலோகிராம் நைதரசனைக் கழிக்கின்றான். இரண்டு பரப்புக் காணியில் வீடும் கிணறும் மலக்குழியும் நெருங்கி அமைந்துள்ள இடங்களில், அடி கட்டப்படாத குழியிலிருந்து ஒழுகுவது எங்கே போகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று எல்லை கடந்திருப்பது 1980களிலேயே ஆய்வாளரால் அளந்து பதிவுசெய்யப்பட்டுவிட்டது. செய்தி புதியதன்று, நாம் அதனைக் காதில் வாங்கிக்கொள்ளாததே உண்மை.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, இவ்வளவிலே சுவையுமில்லை. வளர்ந்தோர் உடல் அதனைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆறு மாதம் நிரம்பாத சிசுவின் நிலை வேறு. சிசுவின் உடலில் அது நைத்திரைற்றாகக் குறைக்கப்பட்டு, குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்கமாட்டாத வடிவுக்கு மாற்றிவிடுகின்றது. குழந்தையின் உதடும் நகமும் நீலம்பாரிக்கும், மூச்சுத் திணறும், கவனியாதுவிடின் உயிருக்கே ஆபத்தாகும். ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், பண்ணைக் கிணற்று நீரிற் பால்மாக் கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் இந்நோயைக் கண்டு, அதன் காரணம் கிணற்று நைத்திரேற்றே என 1945 இல் எழுதியவர் ஹன்ரர் கொம்லி என்னும் வைத்தியர். இங்கே தாய்மார் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. நீரைக் கொதிக்கவைத்தாற் கிருமி சாகும், நைத்திரேற்றுச் சாகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. நல்லெண்ணத்தோடு நெடுநேரம் கொதிக்கவைப்பவர் குழந்தைக்கு நன்மை செய்வதாக எண்ணித் தீமையையே செய்கின்றார்.

இனிக் கரிக்கு வருவோம். கரி எமக்குப் புதியதன்று. உமிக்கரியாற் பல் விளக்கினோம்; சிரட்டைக்கரியால் உடுப்பு மினுக்கினோம்; ஊமற்கரியையும் அறிவோம். கரைசலிலுள்ள நிறத்தையும் அழுக்கையும் கரி பற்றிக்கொள்ளும் என்பதை 1785 இல் உருசியாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் லோவிற்ஸ் என்னும் இரசாயன அறிஞர் கண்டார். அதே சோதனையை எமது இரசாயன ஆசிரியர் நீல மையைக் கொண்டு வகுப்பிலே செய்து காட்டியது இன்றும் கண்முன் நிற்கின்றது. மை கலந்த நீரிலே கரித்தூளை இட்டுக் கலக்கி வடிதாளில் வடித்தார். தெளிந்த நீர் சொட்டிற்று. வகுப்பே வியந்தது. அடுத்து உப்பு நீரை எடுத்து அவ்வாறே செய்து, வடிந்ததை முன்வாங்கில் இருந்தவர் நாவில் ஒரு துளி விட்டார். (ஆய்வுகூடத்திற் சுவை பார்ப்பதற்கு அக்காலத்தில் எவரும் தடை சொல்லார்.) உப்பு உப்பாகவே இருந்தது. முதற் சோதனையை எல்லாரும் நினைவில் வைத்திருக்கின்றனர்; இரண்டாவதை மறந்துவிட்டனர். எம் அன்பரின் வினாவுக்கு விடை அந்த இரண்டாவது சோதனையிலேதான் இருந்தது. நைத்திரேற்றும் ஓர் உப்பே.

ஏன் இவ்வாறு என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். மரம், உமி, சிரட்டை, எரு முதலிய சேதனப் பொருள்களைப் போதிய காற்றுப் புகாதபடி சூடாக்கினால், எரிந்து சாம்பலாகாமற் கரியாக நிற்கும். மண்ணிலோ நீரிலோ இடுவதற்கென இவ்வாறு செய்த கரியையே இன்று உயிர்க்கரி என்கின்றனர். 350 முதல் 700 பாகை செல்சியசு வரை வெவ்வேறு வெப்பத்தில் இதனை ஆக்கலாம். அதனுள்ளே கண்ணுக்குப் புலப்படாத துளைகள் கோடிக்கணக்கில் உள. ஒரு கிராம் கரியின் உட்சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பக்கூடுமாயின், நூற்றுக்கணக்கான சதுர மீற்றர் பரப்பைக் கொண்ட கரிகளும் உண்டு. மையின் நிறப்பொருள் போன்ற பெரிய சேதன மூலக்கூறுகள் அச்சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. நீரிற் கரைந்த உப்புகளோ மின்னேற்றம் கொண்ட சிறிய அயன்களாக உலாவுவன. அவற்றை நிறுத்துவதற்குப் பரப்பு மட்டும் போதாது, ஏற்ற மின்னேற்றமும் வேண்டும். சாதாரணக் கரியின் பரப்பு, கிணற்று நீரில் மறையேற்றம் உடையது. அமோனியம் நேரேற்றம் உடையதாதலின் அதனைக் கரி பற்றும். நைத்திரேற்று மறையேற்றம் உடையதாதலின் அதனைக் கரி தள்ளும். இதில் மந்திரமும் இல்லை, வடிகட்டி விற்பவரின் சாமர்த்தியமும் இல்லை.

பொசுபேற்றின் கதை வேறு. அதுவும் மறையேற்றம் உடையதே. போதாக்குறைக்குக் கரியின் சாம்பலிலேயே பொசுபேற்று இருப்பதால், வெறுங்கரியை நீரில் இட்டால் அது பொசுபேற்றை எடுப்பதற்குப் பதிலாகக் கொடுத்துவிடுவதும் உண்டு. ஆயினும் கரியில் மகனீசியம், கல்சியம், இரும்பு என்பவற்றுள் ஒன்று நுண்டுகள்களாகப் படிந்திருக்குமாயின் நிலைமை தலைகீழாகும். 2011 இல் புளோறிடாப் பல்கலைக்கழகத்தார், சீனிக்கிழங்கின் கழிவைப் புளிக்கவைத்து வாயு எடுத்தபின் எஞ்சிய சக்கையைக் கரியாக்கிச் சோதித்தபோது, அது நீரிலிருந்த பொசுபேற்றில் நூற்றுக்கு 73 பங்கை அகற்றக் கண்டனர். அக்கரியின்மேல் இயல்பாகவே படிந்திருந்த மகனீசியம் ஒட்சைட்டுத் துணிக்கைகளே அவ்வேலையைச் செய்தன. ஏரிகளையும் வாவிகளையும் உடைய நாடுகளுக்கு இது பெரும் செய்தி. பொசுபேற்று மிஞ்சிய நீரிற் பாசி பெருகும். சிலவகை நீலப்பச்சைப் பாசிகள் நஞ்சையும் கக்கும். 2014 ஆகஸ்ட் மாதத்தில் ஈரி ஏரியிற் பெருகிய பாசியின் நஞ்சு குழாய்நீரிலும் காணப்பட்டமையால், அமெரிக்காவின் ரொலீடோ நகரத்தார் ஏறக்குறைய 4 இலட்சம் பேர் சில நாட்கள் நீர் குடிக்க முடியாமல் திண்டாடினர். கொழும்புப் பேரைவாவியின் பச்சை நிறத்தைப் பார்த்தவர்க்கும் இது விளங்கும். நம் கிணறுகளுக்கோ இத்தொல்லை அரிது. சுண்ணக்கல்லின் கல்சியமே பொசுபேற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நைத்திரேற்றைப் பிடிக்க அக்கல்லாலும் ஆவதில்லை.

அப்படியாயிற் குடாநாட்டிலே கரிக்கு வேலையே இல்லையா? உண்டு, ஆனால் அவ்வேலை குழாயடியில் இல்லை, மாட்டுத்தொழுவத்தில் இருக்கின்றது. நைதரசன் அமோனியமாக இருக்கும் குறுகிய வேளையிலே, அது நைத்திரேற்றாக மாறுமுன், அதனைப் பிடித்துவிடல் வேண்டும். மாட்டுக் கோமயம் வடியும் இடத்திற் பரப்பிய கரித்தூள் அமோனியத்தையும் ஈரத்தையும் ஒருங்கே உறிஞ்சும். தொழுவத்தின் நெடியும் குறையும்.

இவ்விடத்தில் அண்மைக்கால ஆராய்ச்சி ஒன்று எமக்கு மிகுந்த வியப்பை அளித்தது. 2015 இல் ஜேர்மனிய ஆய்வாளர் வெளியிட்ட முடிவு அது. வெறுங்கரி நைத்திரேற்றைப் பற்றாது என்பது உண்மையே. ஆயின் எருவோடும் குப்பையோடும் சேர்த்து உக்கவிடப்பட்ட கரியை எடுத்து ஆராய்ந்தபோது, அது தன் துளைகளுள் நைத்திரேற்றைப் பெருமளவிற் பிடித்து வைத்திருந்தது! அது மழைக்கு எளிதிற் கரைந்து போகாமலும் பயிருக்கு மெல்லமெல்லக் கிடைக்கக்கூடியதாயும் இருந்தது. 2017 இல் வெளிவந்த பிறிதோர் ஆய்வு, எருவிற் கிடந்த கரியின் துளைச்சுவர்களில் மெல்லிய சேதனப் படலம் ஒன்று படிவதைக் காட்டி, அப்படலமே கரியின் குணத்தை மாற்றுகின்றது என விளக்கிற்று. புதுக்கரி செய்யமாட்டாததைப் பழங்கரி செய்கின்றது. புதுப்பானையிலும் பழகிய பானையிலே சோறு நன்கு சமையும் என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வது நினைவுக்கு வருகின்றது.

ஆர்வம் மேலிட்டு அளவை மறத்தல் ஆகாது. சாதாரணக் கரி ஒரு கிராம் பிடிக்கக்கூடிய அமோனியம் சில மில்லிகிராம் மட்டுமே. தாராளமாக 5 மில்லிகிராம் நைதரசன் எனக் கொள்வோம். ஒருவர் ஆண்டில் கழிக்கும் 4 கிலோகிராமைப் பிடிக்க 800 கிலோகிராம் கரி வேண்டும். நால்வர் வாழும் வீட்டுக்கு மூன்று தொன்னுக்கு மேல். ஆகவே மலக்குழிக்குள் இரண்டு சாக்குக் கரியைக் கொட்டிவிட்டுக் கிணறு காப்பாற்றப்பட்டது என்று ஆறுதலடைவோர் ஏமாந்தவராவர். குழிக்கு வேண்டியது கரியன்று, ஒழுகாத அடியும் சுவருமே. தோட்டத்திலும் அவ்வாறே: கரியிட்ட எருவைப் போட்டுவிட்டு யூரியாவையும் பழைய அளவிலேயே போட்டால் பயனில்லை. கரி பிடித்து வைத்திருப்பதைப் பயிர் எடுத்துக்கொண்டாலன்றோ அதன் துளைகள் மறுபடி வெறுமையாகும்? 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்னரே அத்தடை நீக்கப்பட்டதையும், இடையிலே கமக்காரர் பட்ட பாட்டையும் நாம் கண்டோம். பசளையை முற்றாக விடுங்கள் என்று யாம் கூறவில்லை. கிணற்றுக்குள் இறங்கும் ஒவ்வொரு பிடியும் காசு கொடுத்து வாங்கியது என்பதையே நினைவூட்டுகின்றோம்.

நீரில் ஏற்கெனவே கலந்துவிட்ட நைத்திரேற்றை என் செய்வது? அதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கின்றது. காற்றில்லாத இடத்தில் வாழும் சில பற்றீரியாக்கள், உண்பதற்குக் காபன் கிடைக்குமாயின், நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனைத் தாம் எடுத்துக்கொண்டு நைதரசனை வாயுவாக்கி ஆகாயத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1990களில், மலக்குழியிலிருந்து வெளியேறும் நீர் செல்லும் வழியில் மரத்தூட் படையிட்டு இதனைச் செய்து காட்டினர். பின்னர் வயல்வடிகால்களிலும் மரச்சீவல் நிரப்பிய அகழிகள் அமைக்கப்பட்டன. குளிர்நாடுகளிலே மாரியில் மந்தமாகும் இப்பற்றீரியாக்கள் நம் வெப்பத்தில் உற்சாகமாகவே உழைக்கும். இவ்வகழிகளிற் கரியையும் கலந்தால், அதன் துளைகள் பற்றீரியாக்களுக்கு உறையுளாக அமைந்து வேலை விரைவுபடும் எனச் சிலர் கண்டனர். அத்துணைப் பயன் காணாதோரும் உளர். எமது எண்ணம் யாதெனில், இங்கே மரச்சீவலே சமையற்காரன், கரி அடுக்களை மாத்திரம் என்பதாம்.

கரி சுட விரும்பும் இளைஞருக்கு இரண்டொரு வார்த்தை. பனைமட்டை, ஊமல், சிரட்டை, கத்தரித்த வேலிக்கிளை யாவும் உதவும்; நன்கு காய்ந்திருத்தல் வேண்டும். அகன்ற வாயுடைய ஆழமற்ற குழியிலே மேலிருந்து தீ மூட்டி, சாம்பல் பூக்கத் தொடங்கும் வேளையில் அடுத்த படையை இட்டு, இவ்வாறே குழி நிறைந்ததும் நீரூற்றி அணைத்துவிடுக. சுவாலை எரியும்வரை புகை அதிகம் எழாது. புகை மண்டுமாயின் பொருளில் ஈரம் மிகுதி என்று அறிக. வர்ணம் பூசிய பலகையையும் பிளாத்திக்கையும் அதில் இடலாகாது. சாம்பல் கலந்த கரி காரத்தன்மை உடையதாதலின், ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் நேரே கொட்டாது, நொறுக்கி எருவோடு கலந்து சில மாதம் உக்கவிட்டே இடுதல் நன்று.

எம் அன்பர் யாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மகள் இங்கு தங்கும் காலத்துக்குத் தாய்ப்பாலே முதன்மை என்றும், பால்மா தவிர்க்கமுடியாதாயின் நைத்திரேற்றுக் குறைந்ததென்று சோதித்தறிந்த வேறு நீரையோ, உப்பையும் பிரித்தெடுக்கும் மென்சவ்வு இயந்திரத்தில் வந்த நீரையோ கொள்ளுமாறும் கூறினோம். 2024 இல் தாளையடியிலே திறக்கப்பட்ட கடல்நீரை நன்னீராக்கும் நிலையமும் அத்தகைய மென்சவ்வு முறையிலேயே தொழிற்படுகின்றது. வாங்கி வைத்த சிரட்டைக்கரியை என் செய்வது என்று கேட்டார். அதனை மாட்டுத்தொழுவத்தில் பரப்பி, பின் எருக்குவியலோடு சேர்க்குமாறு சொன்னோம். கிணற்று நீரை மாரிக்கு முன் ஒருமுறையும் மழை ஓய்ந்து தை பிறந்தபின் ஒருமுறையும் சோதிக்க இசைந்தார். போத்தலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, அக்கிணற்று நீராலேயே மும்முறை அலசி, விளிம்புவரை நிரப்பி மூடி, வெயில் படாது குளிரில் வைத்து, அன்றே ஆய்வுகூடத்திற் சேர்ப்பிக்குமாறு சொல்லி அவரை வழியனுப்பினோம்.